கரந்துரை வல்லார் ரொட் சேர்லிங்

அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்தது என்றும் இருவகைப்படுத்தினார் தொல்காப்பியர். பழிப்பதை வெளிப்படையாகவே பழிப்பது முன்னையது. பழிப்பை மறைத்து வேறொன்று போலக் காட்டுவது பின்னையது. இப்பகுதியை மேல்வகுப்பிற் கற்பிக்கும் ஆசிரியர் எவர்க்கும் ஓர் இடர்ப்பாடு நேர்வதுண்டு. நேரே கூறும் வழி இருக்க மறைத்துக் கூறுவானேன் என்று பின்வாங்கில் இருந்து ஒரு மாணவன் எழுந்து வினவுவான். அரசனுக்கு அஞ்சி என்று விடைகூறி மேற்செல்லுதல் எளிது. அரசனே இல்லாத ஒரு நாட்டில், பேச்சுரிமையை அரசியலமைப்பின் முதலாந் திருத்தமாகவே பொறித்துவைத்த ஒரு நாட்டில், உண்மையை நேரே கூற முயன்று தோல்வியுற்றுக் கரந்துரைக்குத் திரும்பிய ஒருவருடைய வரலாறு அம்மாணவனுக்கு இன்னும் பொருத்தமான விடையாகும் என்பது என் கருத்து. அவர் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகாசிரியர் ரொட் சேர்லிங்.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலேயே வந்தது. அதற்கு நான்காண்டுகள் முன்னரே சேர்லிங் மறைந்துவிட்டார். ஆதலின் அவர் பெயர் நம்மவருட் பலர்க்குப் புதிதாயிருத்தல் இயல்பே. அவர் தம் நாட்டிலோ, நாடக மாந்தரின் முகத்தைப் போலவே ஆசிரியரின் முகத்தையும் மக்கள் அறிந்திருந்த அரிய சிலருள் ஒருவராய் விளங்கினார்.

ரொட்மன் எட்வேர்ட் சேர்லிங் 1924ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 25ஆந் திகதி, நத்தார்த் தினத்தன்று, நியூயோர்க் மாநிலத்துச் சிரக்கியூஸ் நகரில் ஒரு யூத குடும்பத்திற் பிறந்தார். தந்தை சாமுவேல்; தாய் எஸ்தர். ஏறக்குறைய ஏழாண்டு மூத்தவரான தமையன் றொபேட்டும் பிற்காலத்தில் வானூர்திகளைப் பற்றிய நூல்களும் நாவல்களும் எழுதிப் புகழ்பெற்றவர். ரொட் குழந்தையாயிருக்கும்போதே குடும்பம் பிங்ஹம்டன் என்னும் ஊரிற் குடியேறியது. சப்பாத்துத் தொழிலாற் செழித்த சிற்றூர் அது. அத்தொழிலின் முதலாளியாகிய ஜோர்ஜ் ஜோன்சன் என்பார் ஊர்ப் பிள்ளைகளுக்கெனப் பூங்காக்களிற் குதிரை இராட்டினங்களை அமைத்துக் கொடுத்து, அவற்றில் ஏறுவதற்கு எக்காலத்தும் காசு வாங்கலாகாது என்ற நிபந்தனையையும் விதித்திருந்தார். அவ்விராட்டினங்களுள் ஒன்று சேர்லிங்கின் உள்ளத்தைவிட்டு என்றும் நீங்கவில்லை.

தந்தை பலசரக்குக் கடை வைத்திருந்தார். பொருளாதார மந்தம் வந்தபின் இறைச்சிக் கடை நடத்தினார். வருவாய் பெரிதன்றாயினும், இளைய மகனுடைய நடிப்பு ஆசைக்காக வீட்டின் நிலக்கீழ் அறையிலே சிறு மேடை ஒன்றை அவரே அமைத்துக் கொடுத்தார். பிள்ளையோ பெரும் பேச்சுக்காரன். ஒருமுறை குடும்பத்தார் காரிற் சிரக்கியூஸ் நகருக்குச் செல்லும்போது, தாங்கள் வாய்திறவாதிருந்தால் ரொட் அதனைக் கவனிப்பானா என்று பார்க்கத் தம்முட் பேசிவைத்துக்கொண்டு மௌனமாயிருந்தனராம். ஏறத்தாழ இரண்டு மணிநேரப் பயணம் முழுவதும் பையன் ஓயாது பேசினான். மற்றையோர் பேசவில்லை என்பதை அவன் உணரவேயில்லை.

இத்தகைய பிள்ளைகள் வகுப்பில் எவ்வாறு மதிக்கப்படுவார்கள் என்பதை நாம் அறிவோம். வகுப்பின் கோமாளி என்று ஆசிரியர் பலர் அவரைக் கைவிட்டனர். ஹெலன் ஃபோலே என்னும் ஆசிரியை மாத்திரம் அவ்வாயாடித்தனத்தை ஒரு குறைபாடாகக் கருதாது, பேச்சுப் பயிற்சியிலும் நாடகத்திலும் அவரை ஈடுபடுத்தினார். பிங்ஹம்டன் மத்திய உயர்நிலைப் பள்ளியில் அவர் விவாத அணியிற் பேசினார். பள்ளிப் பத்திரிகையில் எழுதினார். பல ஆண்டுகளின் பின், 1960இல், தம் நாடகம் ஒன்றிற் கதைத்தலைவியாக ஓர் ஆசிரியையைப் படைத்தபோது அவளுக்கு ஹெலன் ஃபோலே என்றே பெயரிட்டார். ஒரு மாணவன் தன் ஆசிரியைக்குச் செய்த கைம்மாறுகளுள் இதைவிடச் சிறந்ததொன்றை நான் கேட்டறியேன்.

1943ஆம் ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் சேர்லிங் படையிற் சேர்ந்தார். ஐந்தடி நான்கங்குல உயரமே உடைய அவ்விளைஞர் பரசூட் படையை விரும்பித் தெரிந்தெடுத்தார். பயிற்சிக் காலத்திற் குத்துச்சண்டையிலும் இறங்கினார். இட்லரை எதிர்க்க விரும்பியவரை 511ஆம் பரசூட் காலாட்படைப் பிரிவோடு யப்பானியருக்கு எதிராகப் பசுபிக் களத்துக்கு அனுப்பினார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் லெயித்தே தீவில், மழையிலும் சேற்றிலும் உணவின்றி வாடிய வீரர்களை நகைச்சுவை பேசிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான் அவருடைய தோழன் ஒருவன். வானூர்தியிலிருந்து வீழ்த்திய உணவுப் பெட்டியொன்று அவன்மேல் விழுந்தது. உயிர்காக்க வந்த உணவே உயிரை வாங்கியது. சேர்லிங்கின் நாடகங்கள் இறுதிக் கணத்திற் சடுதியாகத் திரும்பி நம்மைத் திடுக்கிடச் செய்வதை வெறுந் தந்திரம் என்று கூறுவாருளர். லெயித்தேயில் நிகழ்ந்ததை அறிந்த பின்னர் எனக்கு அவ்வாறு கூறத் துணிவு வரவில்லை.

போரிற் காயமுற்றுப் பதக்கங்களும் பெற்றார். 1945இல், அவர் ஊர் திரும்புமுன்னரே, தந்தையார் மாரடைப்பால் ஐம்பத்திரண்டு வயதிற் காலமானார். இறுதிச் சடங்கிற்கு மகனால் வரமுடியவில்லை. நிலக்கீழ் அறையில் மேடையமைத்துக் கொடுத்தவருக்கு ஒரு பிடி மண் தூவவும் அவருக்கு வாய்க்கவில்லை. போரின் தீக்கனவுகள் வாழ்நாள் முழுவதும் அவர் துயிலைக் கெடுத்தன.

படையிலிருந்து மீண்டோர்க்கு அரசு அளித்த உதவியோடு ஒஹாயோ மாநிலத்து அன்ரியொக் கல்லூரியிற் சேர்ந்து, முதலில் உடற்கல்வியும் பின்னர் இலக்கியமும் பயின்று 1950இற் பட்டம் பெற்றார். அங்குடன் கற்ற கரொல் கிரேமரை 1948இல் மணந்தார். செலவுக்குப் போதாதபோது, புதிய பரசூட்டுகளைச் சோதிக்க வானத்திலிருந்து குதிக்கும் வேலையை மேற்கொண்டார். ஒரு குதிப்புக்கு ஐம்பது டொலர். 1949இல் வானொலி நாடகப் போட்டியொன்றிற் பரிசுபெற்றது அவருக்கு ஊக்கமளித்தது. எனினும் அதன்பின் அனுப்பிய பிரதிகள் தொடர்ச்சியாக நாற்பது திரும்பி வந்தன. சின்சினாற்றி நகரத்து ஒலிபரப்பு நிலையத்திற் பகலில் ஊதியத்துக்கு எழுதி, இரவிற் சமையலறை மேசையிலிருந்து தமக்காக எழுதினார். எழுத விரும்பும் நம் மாணவர்கள் ஒரு பிரதி திரும்பியவுடன் பேனாவை மூடிவிடுவதை நினைக்கும்போது அந்த நாற்பதையும் கூறாது விட மனம் வரவில்லை.

1955ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி அவர் வாழ்வு மாறியது. அன்றிரவு 'பற்றேண்ஸ்' என்னும் அவருடைய நாடகம் ஒளிபரப்பாயிற்று. பெருநிறுவனமொன்றில் முதிய அலுவலர் ஒருவரை அவமதித்தே விரட்டும் நோக்கத்தோடு, அவர் இடத்துக்கென ஓர் இளைஞனைத் தலைவர் அழைத்துவருகிறார். தன் வளர்ச்சி மற்றவரின் வீழ்ச்சி என்பதை அவ்விளைஞன் மெல்ல உணர்கிறான். இது சேர்லிங் தொலைக்காட்சிக்கு எழுதிய எழுபத்திரண்டாவது பிரதி. தம்மை எவரும் அழைக்கமாட்டார்கள் என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணிடம் கூறிவிட்டுக் கணவனும் மனைவியும் வெளியே சென்றிருந்தனர். அன்று ஒலிக்கத் தொடங்கிய தொலைபேசி பின்னர் ஓயவேயில்லை. அக்காலத்து நாடகங்கள் நேரடியாக நடிக்கப்பட்டு, அவ்வளவிற் காற்றிற் கலந்துவிடுவன. 'பற்றேண்ஸ்' நாடகத்தையோ நான்கு வாரங்களின் பின் அதே நடிகர்களைக் கூட்டி மறுமுறையும் நேரடியாக நடித்தார்கள். அதற்குமுன் எந்நாடகத்துக்கும் கிடையாத பேறு அது. முதலாவது எம்மி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில், நலிவுற்ற குத்துச்சண்டை வீரன் ஒருவனைப் பற்றிய 'றெக்குவியம் போர் எ ஹெவிவெயிற்' இரண்டாம் எம்மியையும் பீபொடி விருதையும் ஈட்டித்தந்தது. மொத்தம் ஆறு எம்மி விருதுகள் அவருடையவை.

புகழ் வந்தபின்னரே அவர் தம் கைவிலங்கை நன்கு கண்டார். அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களுக்கு அந்நாளிற் பணம் கொடுத்தவை விளம்பர நிறுவனங்கள். பணம் கொடுத்தவர் பிரதியையும் திருத்தினர். தீப்பெட்டி உண்டா என்று ஒரு பாத்திரம் கேட்பதைச் சிகரெட் பற்றவைக்கும் கருவி விற்ற நிறுவனம் நீக்குவித்தது. போட் கார் நிறுவனத்தின் ஆதரவில் வந்த நாடகத்தில், நியூயோர்க் நகரின் வானளாவிய கட்டடங்களின் ஓவியத்திலிருந்து கிறைஸ்லர் கட்டடம் அழிக்கப்பட்டது. கிறைஸ்லரும் கார் செய்யும் நிறுவனமல்லவா! இவை நகைப்பதற்குரியன. நகைக்க முடியாதது வேறொன்றுண்டு.

1955ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் சிக்காக்கோவிலிருந்து மிசிசிப்பி மாநிலத்து உறவினர் வீட்டுக்கு வந்த எமெற் ரில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன், வெள்ளையினப் பெண்ணொருத்தியை அவமதித்தான் என்ற பெயரால் நள்ளிரவில் இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் வெள்ளையரே நிறைந்த நடுவர் குழு ஒருமணி நேரமளவில் விடுதலை செய்தது. சில மாதங்களின் பின் அவ்விருவரும் தாமே கொன்றதைச் சஞ்சிகை ஒன்றுக்குப் பணம் பெற்றுக்கொண்டு ஒப்புக்கொண்டனர். ஓர் ஊர் முழுவதும் தன் கொலைஞரைக் காத்துநின்ற இக்காட்சி சேர்லிங்கை உறங்கவிடவில்லை.

அதனை நாடகமாக்கினார். கறுப்பினச் சிறுவன் என்றால் ஏற்கமாட்டார்கள் என அறிந்து, கொல்லப்படுபவரைத் தென்மாநிலத்து முதிய யூத அடைகுகடைக்காரராக முன்னரே மாற்றிவைத்தார். எனினும் இது ரில் கொலையைப் பற்றியது என்ற செய்தி வெளியில் பரவியது. தென்மாநிலங்களிலிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஆதரவளித்த எஃகு நிறுவனத்தைப் பகிஷ்கரிக்கப்போவதாக வெள்ளையர் மன்றங்கள் மிரட்டின. உடனே கதை நடந்த இடம் வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குப் பெயர்ந்தது. இறந்தவர் யூதருமல்லர், இன்னநாட்டவரென்று கூறப்படாத ஓர் அந்நியர். கொலைஞன் தீயவனல்லன், நல்லவன் ஒருவன் ஒரு கணம் தவறினான். கொக்கா கோலாப் போத்தல் தெற்கை நினைவூட்டும் என்று அதுவும் மேடையினின்று அகற்றப்பட்டது. 1956 ஏப்பிரிலில் 'நூன் ஒன் டூம்ஸ்டே' என்ற பெயரோடு ஒளிபரப்பான நாடகத்தில் எமெற் ரில்லின் நிழலும் எஞ்சவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து மீண்டும் முயன்றார். 'எ ரவுண் ஹாஸ் ரேண்ட் ரு டஸ்ட்' என்னும் அந்நாடகம் பலமுறை திருத்தப்பட்டு, காலம் 1870களுக்கும், இடம் தென்மேற்கு எல்லைக்கும் தள்ளப்பட்டு, கறுப்பினச் சிறுவன் மெக்சிக்கோ இளைஞனாக்கப்பட்ட பின்னரே 1958 யூன் மாதத்தில் ஒளிபரப்பாயிற்று. அரசாங்கத்தின் தணிக்கை அதிகாரி எவரும் இவற்றிற் கைவைக்கவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். அச்சத்துக்கு அரசன் வேண்டுவதில்லை, வாடிக்கையாளர் போதும்.

கால இடங்களை மாற்றினால் எதையும் கூறவிடுவார்கள் என்றால், அம்மாற்றத்தைப் பிறர் கையில் விடாது தாமே செய்தால் என்ன? வேற்றுக் கிரகத்தவன் பேசினால் எந்தத் தென்மாநிலத்தான் கடிதம் எழுதுவான்? 1958 நவம்பரில், கனவிலே யப்பானியரின் தாக்குதலுக்கு முந்திய நாளுக்குத் திரும்பிச் சென்று எச்சரித்தும் எவராலும் நம்பப்படாத ஒருவனைப் பற்றி அவர் எழுதிய நாடகம் பெருவரவேற்புப் பெற்றது. அதுவே 'ருவைலைற் சோன்' தொடருக்கு வழிதிறந்தது. தமிழில் அந்திவலயம் எனலாம். 1959ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி தொடங்கி 1964 வரை 156 நாடகங்கள் வந்தன. அவற்றுள் 92 சேர்லிங் எழுதியவை. சாள்ஸ் போமொன்ற், றிச்சர்ட் மதசன் முதலியோர் எழுதியவற்றுட் சில அவருடையனவற்றினும் சிறந்தவை என்பதையும் ஒளிக்காது சொல்லவேண்டும். கரிய உடையும் கையிற் சிகரெட்டுமாகத் திரையில் தோன்றி, இறுகிய தாடையினூடே சில வாக்கியங்களில் அவர் கதையை அறிமுகஞ் செய்வார். நாடறிந்த முகமாயிற்று அது.

தொடர் தொடங்குமுன் மைக் வலஸ் என்பார் அவரை நேர்கண்டபோது, இனி முக்கியமான எதையும் தொலைக்காட்சிக்கு எழுதப்போவதில்லையா என்ற பொருள்படக் கேட்டார். சேர்லிங் பெரும்பாலும் அதற்கு உடன்பட்டே விடையளித்தார். சோர்வினாற் கூறினாரோ, விளம்பர நிறுவனங்களைத் துயிலவைக்கக் கூறினாரோ, அவ்விடையும் ஒருவகைக் கரந்துரையே என்று கொள்ள எனக்கு விருப்பம்.

1960 மார்ச்சில் வந்த நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேப்பிள் வீதி என்னும் அமைதியான தெருவில் ஒரு மாலை மின்விளக்குகள் அணைகின்றன. வேற்றுலகத்தார் மனித வடிவில் ஊடுருவியிருப்பார்கள் என்று ஒரு சிறுவன் தான் வாசித்த கதையை நினைத்துச் சொல்கிறான். ஒருவன் இரவில் வானத்தைப் பார்த்து நிற்பவன். இன்னொருவன் நிலக்கீழ் அறையில் வானொலிக் கருவி செய்பவன். அயலார் ஒருவரை ஒருவர் ஐயுறுகின்றனர். இருளில் வந்த அயலவன் ஒருவனைச் சுட்டும் கொன்றுவிடுகின்றனர். குன்றின்மேல் உண்மையான வேற்றுலகத்தார் இருவர் நின்று பார்க்கின்றனர். விளக்கை அணைத்தது தவிர அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. அண்டைவீட்டானைப் பொதுவுடைமைவாதி என்று காட்டிக்கொடுத்த காலம் அமெரிக்காவில் அப்பொழுதுதான் கழிந்திருந்தது. ஒரு நிறுவனமும் இதில் ஒரு சொல்லை மாற்றவில்லை. மறு ஆண்டு, டாக்கோ வதைமுகாமுக்குத் திரும்பிவரும் நாசி அதிகாரியை இறந்தோர் கூடி விசாரிக்கும் நாடகத்தையும் எழுதினார்.

கரந்துரைக்கு ஒரு விலை உண்டு. யாருக்குச் சுட வேண்டுமோ அவரே அதனைப் பேய்க்கதை என்று சுவைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். எமெற் ரில்லின் பெயரை அந்திவலயத்தில் எவரும் கேட்கவில்லை. சேர்லிங் இதனை அறியாதவரல்லர். நாடக மாந்தரைக் கொண்டு அவர் நீண்ட பிரசங்கம் செய்விக்கிறார் என்பது திறனாய்வாளர் கூறும் குறை, உண்மையான குறையே. மறைத்தது புரியாமற் போய்விடுமோ என்ற அச்சமே அவரை அவ்வாறு பேசவைத்தது என்று நான் எண்ணுகிறேன்.

அவருடைய நாடகங்களுள் நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஒன்றை மாத்திரம் பார்க்கலாமெனின், 1962 யூன் முதலாந் திகதி ஒளிபரப்பான 'த சேஞ்சிங் ஒவ் த கார்ட்' என்பதையே கூறுவேன். வெர்மொன்ற் மாநிலத்து ஆண்கள் பள்ளி ஒன்றில் ஐம்பத்தோராண்டு இலக்கியம் கற்பித்த முதியவரை ஓய்வுபெறுமாறு தலைமையாசிரியர் பணிக்கிறார். நத்தார் விடுமுறை தொடங்கும் நேரம். தாம் கற்பித்த கவிதை எவர்க்கும் பயன்படவில்லை, தம் வாழ்வு வீண் என்று எண்ணிய அவர் கைத்துப்பாக்கியோடு இருளிற் புறப்படுகிறார். அப்பொழுது பள்ளி மணி ஒலிக்கிறது. வகுப்பறையிற் சென்று பார்த்தால், வாங்குகளில் அவருடைய பழைய மாணவர்கள், எல்லாரும் இறந்தவர்கள். போரில் வீழ்ந்தவன், ஆராய்ச்சியிற் கதிர் தாக்கி மாண்டவன், தோழரைக் காப்பாற்றி நீரில் மூழ்கியவன் என ஒவ்வொருவனாக எழுந்து, அவர் கற்பித்த எந்தக் கவிதை அந்த நேரத்தில் தன்னோடு நின்றது என்று சொல்கிறான். முதியவர் வீடு திரும்பி, துப்பாக்கியை வைத்துவிட்டு, வெளியே மாணவர் பாடும் பாட்டைக் கேட்கிறார். டொனல்ட் பிளெசன்ஸ் என்பார் அப்பாத்திரத்தில் நடித்தார். இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. ஹெலன் ஃபோலேயின் மாணவர் செம்பொருளாகவே பேசிய இடம் இது. அதே ஆண்டு செப்டெம்பரிற் சேர்லிங் தாம் கற்ற அன்ரியொக் கல்லூரிக்குச் சென்று சில மாதம் ஆசிரியராகப் பணிபுரிந்தார்.

பின்னைய வாழ்வை விரைந்து கூறலாம். தொடர் முடிந்தபின் அதன் உரிமையில் தம் பங்கைத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். மறு ஒளிபரப்பில் அது ஈட்டிய பெருஞ் செல்வம் அவருக்குச் சேரவில்லை. மனிதக் குரங்குகள் ஆளும் உலகைப் பற்றிய 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கதைவசனத்தில் மைக்கல் வில்சனோடு பங்கு அவருக்குண்டு. 'நைற் கலரி' என்னும் இன்னொரு தொடரில் முகம் அவருடையது, அதிகாரம் பிறருடையது. அது அவரை வருத்தியது. 1966இல், வானூர்தியிற் குண்டுவைத்துப் பணம் கேட்கும் கதையொன்றை எழுதியபோது, அதனைப் பார்த்து உண்மையாகவே மிரட்டல்கள் எழுந்தன. அக்கதையை எழுதியதற்காக அவர் வெளிப்படையாக வருந்தினார். மற்றோர் எழுத்தாளராயின் பழியைப் பார்த்தவர் மேற் போட்டிருப்பார். 1968இற் கலிபோர்ணியாக் கல்லூரியொன்று உரையாற்ற அழைத்து, ஊதியம் பெறவேண்டின் விசுவாசப் பிரமாணத்திற் கையொப்பமிடவேண்டும் என்றது. பரசூட்டில் இறங்கி நாட்டுக்காகப் போரிட்டவர் கையொப்பமிட மறுத்து, ஊதியமின்றியே பேசிச் சென்றார்.

இறுதியாண்டுகளில் இத்தாக்கா கல்லூரியில் எழுத்துக்கலை கற்பித்தார். நாளொன்றுக்கு மூன்று நான்கு பெட்டிச் சிகரெட் புகைத்த உடல் தாங்கவில்லை. 1975ஆம் ஆண்டு மாரடைப்புகள் வந்தன. றொச்செஸ்ரர் நகரில் இருதய சத்திரசிகிச்சைக்குப் பின், யூன் 28ஆந் திகதி, ஐம்பதாம் வயதிற் காலமானார். தந்தையினும் ஈராண்டு குறைவு.

முப்பத்தாறு வயது அலுவலன் ஒருவன் நகர வாழ்வின் களைப்போடு தன் ஊருக்கு நடந்து சென்று, அங்கே சிறுவனாகிய தன்னையே குதிரை இராட்டினத்திற் காண்பதாக 1959இல் அவர் எழுதிய நாடகம் பிங்ஹம்டன் பூங்காவை நினைத்து எழுதப்பட்டது. அப்பூங்காவில் 2024இல் அவருக்குச் சிலை எழுப்பினர். இராட்டினம் இன்னமும் அங்கே சுற்றுகிறது. குதிரைகளுக்கு மேலே சுற்றிவர அந்திவலயத்தின் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. ஏறுவதற்குக் காசு வாங்குவதில்லை.